வீணை கற்கையில் ஆர்வம் குன்றும்போது என்ன செய்வது?

முப்பத்தெட்டு வயதில் வீணை கற்கத் தொடங்கி, எட்டு மாதமாகியும் ஸ்வரங்களை இரட்டை இரட்டையாக வாசிக்கும் ஜண்டை வரிசைப் பயிற்சியைத் தாண்டவில்லை என்றும், இப்போதெல்லாம் உறையைப் பிரிக்கவே மனம் வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் 41 வயதில் தொடங்கியவன். இது ஆறாவது ஆண்டு. இடையில் இரண்டு முறை விட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன் என்பதால், ஆர்வம் எங்கே கசிந்து போகிறது என்பது ஓரளவு தெரியும்.

சோம்பலே இதற்குக் காரணம் என்று வீட்டில் சொல்வார்கள். என்னளவில், காது விரலை முந்திவிடுவதே காரணமாக இருந்தது. முதல் மாதத்தில் எதை வாசித்தாலும் இனிமையாகவே கேட்டது. எது பிசிறு என்பதே அப்போது தெரியாது. ஏழெட்டு மாதம் நாள்தோறும் தொடக்கப் பாடங்களின் ராகமான மாயாமாளவகௌளையைக் கேட்டுப் பழகியபின், காது கூர்மையாகி, மீட்டும் ஒலி சற்றே மழுங்கினாலும் உடனே கண்டுகொண்டது. விரலோ ஏறக்குறைய பழைய இடத்திலேயே நின்றது. முன்பைவிட மோசமாக வாசிக்கிறோம் என்று அப்போது உறுதியாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது. மூன்றாம் மாதத்தில் கைப்பேசியில் பதிந்து வைத்திருந்த, முதல் பாடமான சரளி வரிசையை ஒன்பதாம் மாதத்தில் தற்செயலாகக் கேட்டபோதுதான், அந்த எண்ணம் எவ்வளவு தவறு என்று புரிந்து சிரித்தேன். அன்றிலிருந்து மாதத்தில் முதல் ஞாயிறன்று ஒரே வரிசையை ஒரே வேகத்தில் வாசித்துப் பதிவு செய்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டுமே கேட்கிறேன்.

குறை எப்போதும் நம்மிடமே இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். ஒரு சித்திரை மாதத்தில் என் அந்தர காந்தாரம் என்ற 'க' ஸ்வரம் மட்டும் தொடர்ந்து தாழ்ந்தே ஒலித்தது. மூன்று வாரம் விரலை நொந்துகொண்டு, வகுப்புக்குப் போவதையே தள்ளிப்போட்டேன். கடைசியில் ஆசிரியை வீட்டுக்கு வந்து, நான்காவது மெட்டில் (தந்தியை அழுத்தும் உலோகக் குறுக்குக் கட்டை) ஒருமுறை மீட்டிப் பார்த்துவிட்டு, "விரலைத் திட்டாதீங்க, மேளம் போயிருக்கு" என்றார். மெட்டுகளின் அமைப்பைத்தான் மேளம் என்பார்கள். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் பதிக்கப்பட்டவை. வெயில் விழும் ஜன்னலோரத்தில் வீணையை வைத்திருந்ததால் மெழுகு இளகி, அந்த மெட்டு மயிரிழை நகர்ந்திருந்தது. தெரிந்தவரைக் கொண்டு மேளம் கட்டிய பிறகு, அதே விரல் அதே காந்தாரத்தைச் சரியாகப் பிடித்தது. வீணாய்ப் போன அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான்.

நேரத்தைப் பொறுத்தவரை, வாரக் கடைசியில் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் பதினைந்து நிமிடம் உட்காருவதே வீணைக்குப் பொருந்தும். இதற்குக் கட்டுப்பாடு, தவம் என்றெல்லாம் பெரிய சொற்கள் தேவையில்லை. காரணம் இடக்கை விரல் நுனியில் இருக்கிறது. எஃகுத் தந்தியை அழுத்தி அழுத்தி ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் ஏறிய காய்ப்பு, சில வாரம் தொடாமல் விட்டால் இளகிவிடும். பிறகு உட்காரும் முதல் நாள் மறுபடியும் எரியும். எரிகிறதே என்று இன்னும் இரண்டு நாள் தள்ளிப்போகும். நான் இரண்டு முறையும் விட்டது இந்த வழியில்தான். இப்போது வீணையை உறையில் போடாமல், கூடத்து மூலையில் பாயின்மேல் துணி போர்த்தி வைத்திருக்கிறேன். உறையைப் பிரிப்பது இரண்டு நிமிட வேலை என்றாலும், அலுப்பாக இருக்கும் மாலையில் அந்த இரண்டு நிமிடமே போதும், நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்வதற்கு.

பத்து வயதுக் குழந்தைகள் வர்ணம் போன்ற பெரிய உருப்படிகளை வாசிக்கும் காணொளிகளைச் சில மாதம் பார்க்காமலிருப்பது நல்லது. ஜண்டையில் மூன்றாம் காலத்துக்கு, அதாவது நான்கு மடங்கு வேகத்துக்கு, அவசரப்படவும் வேண்டாம். இரட்டை ஸ்வரத்தில் இரண்டாவதற்கு விழ வேண்டிய அழுத்தம் முதற்காலத்திலேயே தெளிவாகக் கேட்காவிட்டால், வேகம் கூடும்போது இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே இரைச்சலாகிவிடும். அந்த இரைச்சலைத் தினமும் கேட்டால் எவருக்குமே வெறுப்பு வரும். அடுத்து வரவிருக்கும் மலஹரி ராகக் கீதங்களில், அதாவது எளிய பாடல்களில், இந்த ஸ்வரங்களே பாட்டாக மாறுவதைக் கேட்பீர்கள். எனக்கு ஆர்வம் திரும்பியது அங்கேதான்.

இன்று மாலை செய்ய ஒன்று சொல்கிறேன். சுருதி சேர்த்துவிட்டு, முதல் தந்தியான சாரணியை எந்த மெட்டிலும் அழுத்தாமல் மீட்டி, பின் பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். மேல் ஷட்ஜம் ('ச' ஸ்வரம்) கீழ் ஷட்ஜத்தோடு இழையாமல் உரசினால், பயிற்சியை நிறுத்திவிட்டு ஆசிரியரிடம் வீணையைக் காட்டுங்கள்.