ரன் என்றால் ஓடு மட்டும்தானா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'ரன்' பற்றியவை. அதனால் முழுக்க அதற்கே இடம்.

"ரன் என்றால் என்ன அர்த்தம்?" (தொண்டி)

எந்த ரன்? வாக்கியம் எங்கே? ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்காரர்கள் 2011 வாக்கில் இந்தச் சொல்லைத் திருத்தி எழுதியபோது, வினைச்சொல்லாக மட்டும் சுமார் 650 பொருள் தேறியது. ஒற்றைச் சொல்லை அனுப்பி அர்த்தம் கேட்காதீர்கள், முழு வாக்கியத்தையும் எழுதுங்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது?

"கடலில் டீசல் தீர்ந்தால் 'டீசல் இஸ் ஓவர்' என்போம். தப்பு என்கிறாள் மகள்." (பாம்பன்)

மகள் சொல்வதுதான் சரி. 'ஓவர்' படத்துக்கும் பாடவேளைக்கும் பொருந்தும், டீசலுக்குப் பொருந்தாது. 'த டீசல் ஹேஸ் ரன் அவுட்' என்று சொல்லுங்கள். இல்லையென்றால் 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் டீசல்'. தீர்ந்த பொருளை முதலில் சொன்னால் 'ஆஃப்' வேண்டாம். ஆளை முதலில் சொன்னால் 'ஆஃப்' போட்டுப் பொருளையும் சொல்ல வேண்டும். கிரிக்கெட் ரன் அவுட்டை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

"போட் தரை தட்டிவிட்டது என்பதற்கு?" (மண்டபம்)

'த போட் ரேன் அக்ரவுண்ட்.'

"லீவ் லெட்டரில் 'ஐ ஆம் ரன்னிங் ஃபீவர்' என்று எழுதலாமா?" (கீழக்கரை)

நடுவில் ஒரு 'எ' விட்டுப்போச்சு. 'ரன்னிங் எ ஃபீவர்' என்று எழுதுங்கள். இருமலுக்கும் தலைவலிக்கும் ரன் போடாதீர்கள்.

"'த ரோட் ரன்ஸ் டு அரிச்சல்முனை' என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். ரோடு எப்படி ஓடும் என்று அடித்துவிட்டேன். சரிதானே?" (ஆசிரியர், ராமேஸ்வரம்)

சரியில்லை. நாளைக்கே அந்தப் பையனைக் கூப்பிட்டு, நீ எழுதியதுதான் சரி என்று வகுப்பு முன்னால் சொல்லுங்கள்.

ஏழாம் வகுப்பில் பாம்பன் பாலத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது 'த ரயில்வே லைன் ரன்ஸ் ஓவர் த சீ' என்று எழுதினேன். 'ரயில் ஓடுமா, தண்டவாளம் ஓடுமா?' என்று கேட்டு, ரன்ஸ் மேல் தாள் கிழிகிற மாதிரி சிவப்பு மையால் ஒரு கோடு. வகுப்பே சிரித்தது. கல்லூரி முடிக்கும்வரை ரன் எழுதக் கை வரவில்லை. எழுதியது சரி என்று ஒரு அகராதியில் பார்த்துத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு 22 வயது.

நீண்டு கிடக்கும் எதற்கும் ரன் வரும். ரோடு, சுவர், வேலி, தண்டவாளம் எல்லாம் ஆங்கிலத்தில் ஓடும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் பழையதற்குப் பக்கத்திலேயே போகிறது: 'த நியூ பிரிட்ஜ் ரன்ஸ் பேரலல் டு த ஓல்ட் ஒன்.' தமிழிலும் இது புதிதில்லை. சுவரில் விரிசல் ஓடுகிறது, உள்ளங்கையில் ரேகை ஓடுகிறது என்கிறோம். அதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

இடத்தைப் போலவே காலமும் நீளும். மீன்பிடித் தடைக்காலம் நம் கரையில் 61 நாள்: 'த பேன் ரன்ஸ் ஃப்ரம் ஏப்ரல் 15 டு ஜூன் 14.' 1964 புயலுக்கு முன் தனுஷ்கோடிவரை ரயில் போனதை 'த போட் மெயில் ரேன் டு தனுஷ்கோடி' என்று எழுதலாம். அங்கே தடம் பிடித்து ஓடுவது ரயில். மூன்றுக்கும் ஒரே சொல்தான், பக்கத்தில் நிற்கும் சொல்தான் பொருளைக் காட்டுகிறது. வாக்கியம் கேட்பது அதற்காகத்தான். தெரியாத பிரயோகத்தை அடிப்பதற்கு முன் அகராதியை ஒரு தடவை புரட்டுங்கள் ஐயா. பிள்ளை மனசில் விழுந்த கோடு லேசில் அழியாது.

"'டூ யூ ரன் போட்ஸ்?' என்று ஒரு டூரிஸ்ட் கேட்டார். 'நோ, மை பிரதர்' என்றேன். திரும்பிப் போய்விட்டார்." (பாம்பன்)

போட்டை ஓட்டுவது யார் என்று அவர் கேட்கவில்லை. உங்களிடம் படகுச் சவாரி உண்டா என்று கேட்டிருக்கிறார். கடை, ஹோட்டல், பஸ் சர்வீஸ் என்று எதை நடத்தினாலும் ரன்தான். அடுத்த தடவை 'யெஸ்' சொல்லுங்கள்.

"தேர்தலில் நிற்பது ஸ்டாண்டா, ரன்னா?" (பரமக்குடி)

பிரிட்டனில் நிற்பார்கள், அமெரிக்காவில் ஓடுவார்கள். நம் செய்தித்தாள்களில் 'கான்டெஸ்ட்'.

"'ஐ ஹேவ் ரேன்' சரியா?" (தேவிபட்டினம்)

தப்பு. ரன், ரேன், ரன். 'ஹேவ்' வந்தால் மூன்றாவதுதான்.

"சேலைச் சாயம் போவதற்கு ரன்னா, ஃபேடா?" (கீழக்கரை)

வாளியில் சாயம் இறங்கிப் பக்கத்துத் துணியிலும் ஏறினால் 'த கலர் ஹேஸ் ரன்'. கொடியில் கிடந்து வெயிலில் வெளுத்தால் 'ஃபேட்'. கேட்டவர் இரண்டையும் வாக்கியமாகவே எழுதி அனுப்பியிருந்தார்; பதில் எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.