பெட்ரோல் பங்க் தொட்டிகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தம்பி ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பை முடித்துவிட்டு, பெட்ரோல் பங்க்குகளில் நிலத்தடித் தொட்டிகளையும் பைப்லைன்களையும் அமைத்துப் பராமரிக்கும் ஒப்பந்ததாரர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். தொட்டியைச் சுத்தம் செய்ய உள்ளே இறங்க வேண்டியிருக்குமாம். "பெட்ரோலையெல்லாம் எடுத்துவிட்ட காலித் தொட்டிதானே, பயமில்லை" என்கிறான். அது சரியா?
– வாசகி, விருதுநகர்

பதில்: சரியில்லை. இதை அவரிடம் இன்றே சொல்லுங்கள். பெட்ரோல் ஆவி, காற்றில் ஏறத்தாழ 1.4 சதவீதம் முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருக்கும்போதுதான் தீப்பற்றும். புழக்கத்தில் உள்ள தொட்டியில் பெட்ரோலுக்கு மேலே இருக்கும் காலி இடத்தில் ஆவி அந்த மேல் வரம்பையும் தாண்டி அடர்ந்து நிற்பதால், எரிவதற்குப் போதுமான காற்று அங்கே இருப்பதில்லை. பெட்ரோலை இறைத்துவிட்டு, மேன்ஹோல் மூடியைத் திறந்து, பிளோயரை (காற்றை ஊதும் விசிறியை) ஓடவிட்டதும் ஆவியின் அளவு படிப்படியாகக் குறைகிறது. அப்படிக் குறையும்போது, எரியக்கூடிய அந்த வரம்பைக் கடந்துதான் அது பாதுகாப்பான நிலைக்கு வந்தாக வேண்டும். ஆகவே, நிறைந்திருக்கும் தொட்டியைவிடக் காலி செய்யப்பட்டுக் காற்றோட்டம் தரப்படும் தொட்டியே ஆபத்தானது. வெளியேறும் ஆவியோ காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது என்பதால் மேலே கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து கேபிள் குழிகளிலும் சாக்கடையிலும் தங்கும். பங்க்கில் விற்பனையை நிறுத்தி வண்டிகளை அப்புறப்படுத்தச் சொல்வதும், தீப்பொறி தராத உலோகத்தால் ஆன ஸ்பேனர்களைக் கொண்டே போல்ட்டுகளைக் கழற்றச் சொல்வதும் இதனால்தான்.

இறங்குவதற்கு முன் காஸ் டிடெக்டரின் குழாயைத் தொட்டியின் மேல், நடு, அடி ஆகிய மூன்று மட்டங்களிலும் நிறுத்தி அளவெடுக்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது ஆக்சிஜன், அது 19.5 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் மற்ற அளவுகளைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. எரிவாயுவை அளக்கும் சென்சார்களில் பரவலாகப் பயன்படும் வகை, தன்னுள் ஆவியைச் சிறிதளவு எரித்துப் பார்த்தே கணக்கிடுகிறது. எரிக்கப் போதிய ஆக்சிஜன் இல்லாத இடத்தில், ஆவி மண்டிக் கிடந்தாலும் அது குறைவான எண்ணையே காட்டக்கூடும். அந்த எண்ணை நம்பி இறங்குபவர் மயங்கி விழுவதற்கு அதிக நேரம் பிடிக்காது. மீட்டரில் தெரியும் எண்ணின் பொருளும் உங்கள் தம்பிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதில் 10 என்று காட்டினால் காற்றில் பத்து சதவீதம் ஆவி இருக்கிறது என்று பொருளல்ல. தீப்பற்றத் தேவையான குறைந்தபட்ச அளவில் பத்தில் ஒரு பங்கு இருக்கிறது என்றே பொருள்.

ஒருமுறை அளந்தால் போதாது. அடியில் படிந்திருக்கும் சகதியைக் கிளறியதும் அதற்குள் அடைபட்டிருந்த ஆவி மீண்டும் எழும் என்பதால், உள்ளே இருப்பவரின் உடையில் மீட்டர் இருந்துகொண்டே இருக்க வேண்டும். பிளோயரையும் நிறுத்தக் கூடாது. உடலில் ஹார்னஸ் (உடலைத் தாங்கும் பட்டை) அணிந்து, மேலே நிறுத்திய மூன்று கால் தாங்கியில் கயிறு கோத்து, வாயிலில் ஒருவர் வேறு எந்த வேலையும் செய்யாமல் கண்காணித்தபடி நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் விழுந்துவிட்டால், மேலே நிற்பவர் கயிற்றை இழுத்து வெளியே எடுக்க வேண்டுமே தவிரத் தானும் குதித்துவிடக் கூடாது. இத்தகைய விபத்துகளில், காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்த துயரங்கள் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. முகத்தில் துணியைக் கட்டிக்கொள்வதால் எந்தப் பயனும் இல்லை. வடிகட்டி பொருத்திய முகமூடியும் இல்லாத ஆக்சிஜனைத் தராது.

பெட்ரோல் இருந்த தொட்டிக்குள் ஆவி நீக்கப்பட்டது என்று தகுதி வாய்ந்த ஒருவர் சோதித்துச் சான்று தந்த பின்னரே ஆளை இறக்க வேண்டும் என்பது, 2002ஆம் ஆண்டின் பெட்ரோலியம் விதிகளின்படி சட்டப்பூர்வமான கட்டாயம். மாலைக்குள் விற்பனையைத் தொடங்கிவிட வேண்டும் என்று பங்க் நடத்துபவர் அவசரப்படுவது வழக்கமாக நடப்பதுதான். அவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். ஆனாலும், சான்றைக் கண்ணால் பார்க்காமல் இறங்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை உங்கள் தம்பிக்கு உண்டு. அப்படிச் சொன்னதற்காக வேலையை விட்டு நிறுத்தும் ஒப்பந்ததாரரிடம் அவர் வேலை செய்யாமல் இருப்பதே நல்லது.

கேள்வி: வெள்ளத்தில் நிலத்தடித் தொட்டி மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வரும் என்கிறார்களே, அது உண்மையா?
– வாசகர், கடலூர்

பதில்: உண்மைதான். 20 கிலோலிட்டர் கொள்ளளவுள்ள காலித் தொட்டியைச் சுற்றி நீர் சூழ்ந்தால், அந்த நீர் ஏறத்தாழ 20 டன் விசையோடு அதை மேலே தள்ளும். தொட்டியின் சொந்த எடை அதில் சிறு பங்கே. இதனால்தான் கான்கிரீட் படுகையில் பட்டைகளால் தொட்டியை இறுகக் கட்டிய பிறகு மண் மூடுகிறார்கள். மழை எச்சரிக்கை வந்தால் தொட்டியைக் காலியாக விடாமல் நிரப்பி வைப்பது நல்லது.

கேள்வி: கனமழைக்கு மறுநாள் பெட்ரோல் போட்ட என் பைக் நின்றுவிட்டது; தண்ணீர் கலந்திருப்பதாக மெக்கானிக் சொன்னார். தொட்டியைப் பராமரிப்பவர்கள் இதைக் கவனிக்க மாட்டார்களா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கவனிக்க வேண்டும். முன்பைவிட இப்போது கூடுதலாகவே கவனிக்க வேண்டும். டேங்கர் லாரியிலிருந்து பெட்ரோல் இறக்கும் குழாய் வாயின் மூடி, டிப் ராடு (மட்டத்தை அளக்கும் கம்பி) இறக்கும் துளையின் மூடி, மேன்ஹோலின் கேஸ்கட் ஆகிய மூன்று இடங்களின் வழியாகத்தான் பெரும்பாலும் மழைநீர் இறங்குகிறது. வெடித்துப்போன ஒரு ரப்பர் வளையத்தை மாற்றாமல் விட்டதன் விளைவே உங்கள் பைக் நின்றதற்குக் காரணமாக இருக்கலாம்.

முன்பெல்லாம் தண்ணீர் தனியாக அடியில் தேங்கும். டிப் ராடின் நுனியில் தண்ணீர் பட்டால் நிறம் மாறும் வாட்டர் பேஸ்ட்டைத் தடவி இறக்கினால், எவ்வளவு உயரத்துக்கு நிறம் மாறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லிவிடலாம். இன்று விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் தண்ணீரை ஈர்த்துக்கொள்ளும். ஓரளவுக்கு மேல் போனால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து ஒரே படலமாக அடியில் தங்கிவிடும். அதனால், உள்ளே புகுந்த தண்ணீர் கொஞ்சமாக இருந்தாலும் அடியில் சேரும் படலம் அதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும். அது தூய தண்ணீரைவிட இலேசானது என்பதால், பழைய வகைப் பேஸ்ட்டில் நிறம் தெளிவாக மாறாமல் போகலாம். தானியங்கி அளவுமானியில் தண்ணீருக்கென உள்ள பழைய மிதவையும் எழும்பாமல் கிடக்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென்றே தயாரான பேஸ்ட்டும் மிதவையும் இருக்கின்றன. அவற்றுக்கு மாறாத பங்க்கில், தினமும் டிப் எடுத்துப் பதிவேட்டில் 'தண்ணீர் இல்லை' என்று எழுதியும் பயனில்லை.

கேள்வி: எங்கள் தெருமுனையில் ஒரு பங்க் இருக்கிறது. சில வாரங்களாக எங்கள் கிணற்றில் பெட்ரோல் வாடை வருகிறது. தொட்டிக் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?
– வாசகி, சேலம்

பதில்: முதலில் அந்தத் தண்ணீரைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். கிணற்றருகே நெருப்பு வேண்டாம், மோட்டாரையும் போடாதீர்கள்.

தினசரி இருப்புக் கணக்கில்தான் கசிவு முதலில் தலைகாட்டும். ஆனால் வெறும் கழித்தல் கணக்கு ஏமாற்றிவிடும். 20 கிலோலிட்டர் பெட்ரோலின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் மாறினாலே அளவு ஏறத்தாழ 20 லிட்டர் மாறிவிடும் என்பதால், வெயிலில் வந்த லாரிச் சரக்கு குளிர்ந்த தொட்டிக்குள் இறங்கியதும் சுருங்குவதைக் கசிவு என்றோ, கசிவைச் சுருக்கம் என்றோ எண்ணிவிட வாய்ப்புண்டு. எனவே டெக்னீஷியன்கள் விற்பனை இல்லாத இரவு நேரத்தில் தொட்டியின் மட்டத்தையும் வெப்பநிலையையும் சேர்த்துக் கண்காணிப்பார்கள். பைப்லைனைத் தனியாக அடைத்து அழுத்தம் கொடுத்து, அது இறங்குகிறதா என்றும் பார்ப்பார்கள். தொட்டியைவிட இணைப்புகளும் பைப்லைனும்தான் அடிக்கடி ஏமாற்றும் இடங்கள். பழைய ஒற்றைச் சுவர் இரும்புத் தொட்டி என்றால் மண்ணின் ஈரத்தில் அரிப்பு ஏற்பட்டிருக்கிறதா, அதைத் தடுக்கப் புதைத்த மக்னீசியம் கட்டிகள் கரைந்து தீர்ந்துவிட்டனவா என்றும் சோதிக்க வேண்டும்.

பங்க்தான் காரணம் என்று உடனே முடிவு கட்டவும் வேண்டாம். 2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு போர்வெல்களில் எண்ணெய் கலந்தபோது, அது நிலத்தடியில் சென்ற எரிபொருள் குழாயின் கசிவால் வந்தது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். கிணற்று நீரை ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும் என்றும், பங்க்கின் தொட்டிக்கும் பைப்லைனுக்கும் தனித்தனியே கசிவுச் சோதனை நடத்தி அறிக்கையின் நகலைத் தர வேண்டும் என்றும் அந்தப் புகாரிலேயே கேளுங்கள்.