மின்சாரத் துறையில் மெஷின் லேர்னிங் நிஜமாகவே வேலை செய்கிறதா, வெறும் பேச்சா?

கேள்வி: "எலக்ட்ரிக்கல் முடித்துவிட்டேன், பைத்தான் ஓரளவு தெரியும். ஆற்றல் துறையில் டேட்டா அனலிட்டிக்ஸ், மெஷின் லேர்னிங் எல்லாம் உண்மையில் எங்கே பயன்படுகின்றன? எல்எஸ்டிஎம் (காலத்தொடர் டேட்டாவைக் கற்கும் ஒரு வகை நியூரல் நெட்வொர்க்) போன்ற டீப் லேர்னிங் கற்றால்தான் இந்தப் பக்கம் வர முடியுமா?"

பயன்படுகின்றன. தினமும், சத்தமில்லாமல். ஆனால் செய்திகளில் அடிபடும் இடங்கள் வேறு, நிஜமாகக் காசு மிச்சமாகும் இடங்கள் வேறு. நான் மின்தேவை முன்கணிப்பிலும் காற்றாலை முன்கணிப்பிலும் வேலை பார்ப்பவன். அதனால் அந்தப் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி முழக்குவேன், மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடுவேன்.

இந்தத் துறையில் முன்கணிப்புக்கு ஏன் இவ்வளவு மவுசு? ஒவ்வொரு நொடியும் உற்பத்தியும் பயன்பாடும் சமமாக இருந்தாக வேண்டும். உற்பத்தி குறைந்தால் 50 ஹெர்ட்ஸில் (சில நாடுகளில் 60) ஓட வேண்டிய அலைவெண் இறங்கும், கூடினால் ஏறும். நின்றுபோய்க் குளிர்ந்து கிடக்கும் அனல் மின் நிலையத்தைக் கிளப்பப் பல மணி நேரம் பிடிக்கும். ஆகவே நாளை மாலை 7 மணிக்கு எவ்வளவு தேவைப்படும் என்பதை இன்றைக்கே யாராவது ஒருவர் எண்ணாகச் சொல்லியாக வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 96 எண்கள்.

இந்த 96 எண்களைக் கணிக்கப் பெரிய மந்திரம் எதுவும் வேண்டாம். வெப்பநிலை, மணி, கிழமை, விடுமுறையா இல்லையா, போன வாரம் இதே நேரம் எவ்வளவு போனது, இவை இருந்தால் சாதாரண ரெக்ரஷனே (காரணிகளையும் விடையையும் ஒரு சமன்பாட்டில் பொருத்தும் முறை) ஆச்சரியப்படும் அளவுக்கு நெருங்கிவிடும். அதற்கு மேல் கிரேடியன்ட் பூஸ்டிங் மரங்கள்: முன்னதன் பிழையை அடுத்தது திருத்தும்படி அடுக்கிய பல சின்ன முடிவு மரங்கள். 2019இல் கேகிள் என்ற டேட்டா போட்டித் தளத்தில் கட்டடங்களின் ஆற்றல் பயன்பாட்டைக் கணிக்க ஆஷ்ரே என்ற குளிரூட்டல் பொறியாளர் அமைப்பு நடத்திய போட்டியில் முன்னணியில் வந்த அணிகள் பெரும்பாலும் லைட்ஜிபிஎம் போன்ற மர மாடல்களைக் கலந்துதான் ஜெயித்தன. எந்த மாடலைக் கட்டினாலும் முதலில் ஒன்றைச் செய்யுங்கள்: "போன வாரம் இதே கிழமை, இதே நேரம்" என்ற எண்ணை அப்படியே முன்கணிப்பாக வைத்து அதன் பிழையைக் கணக்கிடுங்கள். பளபளப்பான மாடல்கள் பலவும் இந்த ஒற்றை வரியிடம் தோற்பதைப் பார்ப்பீர்கள்.

சரி, மாடல் இவ்வளவு சுலபம் என்றால் கஷ்டம் எங்கே? அந்த எண்ணைச் சொல்லும் நேரத்தில் உங்கள் கையில் என்ன இருந்திருக்கும் என்பதில்தான். இதை விட்டுவிட்டுப் போடும் கணக்கெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்.

ஒரு உதாரணத்தை நெருங்கிப் பார்ப்போம். காலை 10 மணிக்கு நாளைய முன்கணிப்பைக் கொடுக்க வேண்டும். "24 மணி நேரத்துக்கு முந்தைய மின்தேவை" என்று ஒரு ஃபீச்சர் (மாடலுக்குக் கொடுக்கும் உள்ளீடு) வைத்திருக்கிறீர்கள். நாளை மாலை 6 மணிக்கு அந்த ஃபீச்சரின் மதிப்பு என்ன? இன்று மாலை 6 மணியின் தேவை. இப்போது மணி காலை 10. மாலை 6 இன்னும் வரவேயில்லை! ஆனால் பழைய டேட்டாவை வைத்துச் சோதிக்கும்போது அந்த நெடுவரிசை நிரம்பியே இருக்கும், பைத்தான் முணுமுணுக்காமல் ஓடும், பிழையும் அழகாகக் குறையும். வெப்பநிலையும் இதே கதைதான். பயிற்சியிலும் சோதனையிலும் அளந்த வெப்பநிலையைப் போட்டிருப்பீர்கள். நேரலையில் உங்களிடம் இருக்கப்போவது வானிலை மையத்தின் முன்கணிப்பு மட்டும், அதிலும் பிழை உண்டு. மூன்றாவது, டேட்டாவைக் குலுக்கிப் போட்டு 80-20 என்று பிரிப்பது. 10:15 பயிற்சியில், 10:30 சோதனையில் என்று விழுந்தால் பக்கத்து வீட்டு விடையைப் பார்த்து எழுதியதாகத்தான் ஆகும். காலத்தை வெட்டித்தான் பிரிக்க வேண்டும்: இந்தத் தேதி வரை பயிற்சி, அதற்குப் பிறகு சோதனை.

இன்னொரு சிக்கல், மீட்டர் சொல்வது தேவையை அல்ல, போய்ச்சேர்ந்த மின்சாரத்தை. மின்வெட்டு விட்ட ஒரு மணி நேரத்தில் எண் பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கும். யாருக்கும் மின்சாரம் வேண்டாம் என்றா அர்த்தம்? மாடல் அப்படித்தான் கற்றுக்கொள்ளும். கூரை சோலார் பெருகிய இடங்களில் இதன் மறுபக்கம்: நடுப்பகலில் கிரிட் (மின் வலையமைப்பு) பார்க்கும் தேவை சரிந்து, சூரியன் சாய்ந்ததும் விறுவிறுவென்று ஏறும். கலிஃபோர்னியாவின் கிரிட் நிர்வாக அமைப்பு 2013இல் வெளியிட்ட வரைபடம் வாத்து போல இருந்ததால் "டக் கர்வ்" என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. அங்கே உண்மையான பயன்பாடு குறையவில்லை, மீட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. போதாக்குறைக்கு, கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றும் நாடுகளில் வருடத்தில் ஒரு நாளுக்கு 23 மணி நேரம், இன்னொரு நாளுக்கு 25. இதையெல்லாம் சரிசெய்வதற்குத்தான் வேலை நேரத்தின் பெரும்பங்கு போகும். விளம்பரத்தில் இதை யாரும் சொல்வதில்லை.

காற்றாலைக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி. காற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல், வேகத்தின் மும்மடியை ஒட்டி ஏறும். விநாடிக்கு 8 மீட்டர் என்று கணித்து 7 மீட்டர் வந்தால் வேகத்தில் பிழை எட்டில் ஒரு பங்குதான். மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காணாமல்போகும். வேகம் 12, 13 மீட்டரைத் தாண்டினால் டர்பைன் முழுத் திறனில் சமமாக ஓடும், அங்கே வேகத்தில் பிழை வந்தாலும் கவலையில்லை. ஆனால் 25 மீட்டரைத் தொட்டால் பல டர்பைன்கள் தற்காப்புக்காக நின்றுவிடும். முழு உற்பத்தியிலிருந்து நேரே பூஜ்யம். ஆகவே புயல் நாளில் "சராசரியாக இவ்வளவு வரும்" என்ற ஒற்றை எண் யாருக்கும் உதவாது. முழுதாக வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம். சராசரி மட்டும் வரவே வராது.

இதனால்தான் ஒரு எண்ணுக்குப் பதில் எண்களின் பரவலைக் கொடுக்கும் பழக்கம் வந்தது. 2014இல் நடந்த உலக ஆற்றல் முன்கணிப்புப் போட்டியில் மின்தேவை, விலை, காற்று, சூரியன் நான்குக்கும் 1 முதல் 99 வரையிலான குவான்டைல்களைக் கேட்டார்கள் (75ஆவது குவான்டைல் என்றால், உண்மையான எண் அதற்குக் கீழே இருக்க 75 சதவீத வாய்ப்பு). எதற்கு இவ்வளவு? முடிவெடுப்பவருக்குத் தேவைப்படும் எண் பெரும்பாலும் நடு எண் இல்லை. ஒரு யூனிட் பற்றாக்குறையானால் ஆகும் செலவு, ஒரு யூனிட் மிஞ்சினால் ஆகும் செலவைப்போல் மூன்று மடங்கு என்று வையுங்கள். அப்போது தேவைக்கு நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டியது 75ஆவது குவான்டைலுக்கு. மூன்றை, மூன்றும் ஒன்றும் சேர்ந்த நான்கால் வகுத்தால் வருவது அது. சராசரிப் பிழை குறைவான மாடல் ஒன்று, அந்த 75ஐச் சரியாகச் சொல்லும் மாடல் ஒன்று. நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

கூகுளின் ஏஐ ஆய்வு நிறுவனமான டீப்மைண்டும் கூகுளும் 2019இல் சொன்ன காற்றாலைச் செய்தியை இந்தக் கண்ணோடு படித்தால் புரியும். அமெரிக்காவின் நடுப்பகுதியில் 700 மெகாவாட் காற்றாலைகளின் உற்பத்தியை 36 மணி நேரம் முன்பே கணித்ததால் அந்த மின்சாரத்தின் மதிப்பு ஏறக்குறைய 20 சதவீதம் உயர்ந்தது என்றார்கள். காற்று ஒரு துளிகூடக் கூடுதலாக வீசவில்லை. நாளைக்கு இவ்வளவு தருவேன் என்று முன்கூட்டி வாக்குக் கொடுக்க முடிந்தது, அவ்வளவுதான்.

அதே நிறுவனத்தின் இன்னொரு எண் எங்கும் தப்பாகவே மேற்கோள் காட்டப்படுகிறது. 2016இல் டேட்டா சென்டரில் 40 சதவீதம் மிச்சம் என்பார்கள். அது குளிரூட்டலுக்கு ஆகும் ஆற்றலில் 40 சதவீதம். மொத்த மின்கட்டணத்தில் அல்ல. சர்வர்கள் குடிக்கும் மின்சாரம்தான் பெரும்பகுதி, அதை இது தொடவில்லை. அதற்காகச் சாதனை சின்னது என்று சொல்ல மாட்டேன். 2018இல் பரிந்துரை என்ற நிலையைத் தாண்டி மாடலே நேரடியாகக் கட்டுப்படுத்தும் நிலைக்குப் போனபோது, மாடல் சொல்வதை உள்ளூர்க் கட்டுப்பாட்டு அமைப்பு இன்னொரு முறை பாதுகாப்பு வரம்புகளோடு சரிபார்த்தது, ஆபரேட்டர் எப்போது வேண்டுமானாலும் தன் கைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றும் வைத்தார்கள். அந்த ஏற்பாடுதான் எனக்கு 40ஐவிடப் பெரிதாகத் தெரிகிறது.

பழுது கண்டுபிடிப்பில் நிலைமை கலவை. பெரிய மின்மாற்றிகளின் எண்ணெயில் கரைந்திருக்கும் வாயுக்களை அளந்து உள்ளே என்ன கோளாறு என்று சொல்வது பழைய வித்தை. அசிட்டிலீன் தென்பட்டால் உள்ளே மின்பொறி அடிக்கிறது என்ற சந்தேகம் உடனே வரும். டுவால் முக்கோணம் என்ற வரைபடம் மூன்று வாயுக்களின் விகிதத்தை வைத்தே கோளாறின் வகையைச் சொல்லிவிடும், மெஷின் லேர்னிங் எதுவும் தேவையில்லை. மாடல் கட்ட வருபவர்களுக்குப் பிரச்சினை, மின்மாற்றிகள் அடிக்கடி பழுதாவதில்லை. கற்க உதாரணம் போதாது. பேட்டரியில் அப்படி இல்லை, ஆய்வகத்தில் வேண்டுமென்றே சாகடிக்கலாம். 2019இல் வந்த ஓர் ஆய்வில் 124 செல்களின் டேட்டாவை வைத்து, முதல் 100 சார்ஜ்-டிஸ்சார்ஜ் சுழற்சிகளைப் பார்த்தே ஆயுளை ஏறக்குறைய 9 சதவீதப் பிழையில் கணித்தார்கள். அந்தக் கட்டத்தில் பெரும்பாலான செல்களின் கொள்திறன் இன்னும் குறையவே ஆரம்பிக்கவில்லை.

மின்திருட்டு கண்டுபிடிப்பு பற்றி நிறையக் கட்டுரைகள் பார்ப்பீர்கள், எல்லாவற்றிலும் 98, 99 சதவீதத் துல்லியம். 1,000 மீட்டரில் 10 திருட்டு என்றால், கண்ணை மூடிக்கொண்டு "எல்லோரும் நல்லவர்கள்" என்று சொன்னாலே 99 சதவீதம் வந்துவிடும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: களத்துக்குப் போகும் குழு ஒரு நாளில் 20 வீட்டைத்தான் பார்க்க முடியும் என்றால், மாடல் கொடுக்கும் முதல் 20இல் எத்தனை உண்மை? தவறாகச் சந்தேகப்பட்டு ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவதற்கும் ஒரு விலை உண்டு, அதைக் கட்டுரையில் எழுதுவதில்லை.

ஒரே மீட்டரின் எண்ணிலிருந்து எந்தக் கருவி ஓடுகிறது என்று பிரித்துச் சொல்லும் உத்தி 1980களிலேயே எம்ஐடியில் தொடங்கியது. ஃபிரிட்ஜ் ஓடி நிற்பது படிக்கட்டாகத் தெரியும், ஹீட்டர் பெரிய படியாக. சுவாரசியமான துறை. வீட்டில் ஆள் இருக்கிறாரா என்பதுகூடத் தெரிந்துவிடும் என்பதால் தனியுரிமைத் தலைவலியும் சேர்ந்தே வரும்.

மெஷின் லேர்னிங் எங்கே ஒதுங்கி நிற்க வேண்டும்? மில்லி விநாடியில் மின்தடத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ரிலேக்களில், பாதுகாப்பு வரம்பை மீறவே கூடாத இடங்களில். அங்கே இயற்பியல் சமன்பாடுகள் இருக்கின்றன, அவை சரியாகவே வேலை செய்கின்றன.

இன்னொன்று, உலகம் மாறும் நாட்கள். 2020இல் ஊரடங்கு வந்தபோது தினசரித் தேவையின் வடிவமே மாறி, பழைய டேட்டாவில் பயின்ற மாடல்கள் திணறின. மர மாடல்களுக்கு ஒரு பிறவிக் குறை: பயிற்சியில் பார்த்த எல்லையைத் தாண்டி அவற்றால் நீட்டிச் சொல்ல முடியாது. வரலாற்றிலேயே குளிரான நாள் வந்தால், பார்த்ததிலேயே குளிரான நாளின் பதிலைத் திருப்பிச் சொல்லும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் அப்படியொரு குளிர் வந்தது. தேவை எகிற, மின் நிலையங்கள் உறைந்து விழ, அங்கே 60இல் ஓட வேண்டிய அலைவெண் 59.4 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4 நிமிடம் 23 விநாடி கிடந்தது. 9 நிமிடம் நீடித்திருந்தால் மேலும் பல நிலையங்கள் தாமாகவே விலகியிருக்கும். ஒரு கட்டத்தில் 20,000 மெகாவாட் வரை வெட்டினார்கள். கவனியுங்கள், அந்த நாட்களின் மீட்டர் டேட்டாவை அப்படியே மாடலுக்கு ஊட்டினால் "கடுங்குளிரில் தேவை குறையும்" என்று கற்றுக்கொள்ளும். மேலே மின்வெட்டைப் பற்றிச் சொன்னது இதற்குத்தான்.

உங்கள் இரண்டாவது கேள்வி. எல்எஸ்டிஎம் தெரிந்தால் நஷ்டமில்லை, ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். எலக்ட்ரிக்கல் படித்ததை மறந்துவிடாமல் இருப்பதுதான் உங்கள் பலம். கணினி அறிவியலிலிருந்து வருபவர்களுக்கு மெகாவாட்டுக்கும் (மின்சாரம் ஓடும் வேகம்) மெகாவாட்-மணிக்கும் (ஓடிய மொத்த அளவு) வித்தியாசம் விளங்கவே நாளாகும். பாண்டாஸ் (பைத்தானில் அட்டவணை டேட்டாவைக் கையாளும் நூலகம்), காலத்தொடர் அடிப்படை, லைட்ஜிபிஎம், குவான்டைல் ரெக்ரஷன், இவை போதும் ஆரம்பத்துக்கு. சோலாருக்கு பிவிலிப், மின்பாய்வுக் கணக்குக்குப் பாண்டாபவர், இரண்டும் இலவசப் பைத்தான் நூலகங்கள். ஏதாவது ஒரு கிரிட்டின் பொது மின்தேவை டேட்டாவை எடுத்து, தினமும் காலை 10 மணிக்கு நாளைய 96 எண்களைத் தானாகக் கணித்துச் சேமிக்கும் ஒரு சின்ன புரோகிராம் எழுதுங்கள். அன்றன்றைய வானிலை முன்கணிப்பையும் கூடவே சேமியுங்கள். நேற்று அடித்த வெயில் எவ்வளவு என்பது எப்போது தேடினாலும் கிடைக்கும். நேற்றைக்கு முன்தினம் காலையில் அதை எவ்வளவு என்று கணித்திருந்தார்கள் என்பதைப் பிறகு தேடிப் பிடிப்பது கஷ்டம்.