மதுரைக்கு வழி வாயிலே

கேள்வி: புதுமைப்பித்தனின் சிறுகதைகள் எழுதப்பட்டு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்று வாசிப்பவருக்கு அவற்றில் என்ன இன்பம் இருக்கிறது?

கல்லூரி நாட்களில் அவருடைய கதைகளை நான் கண்ணால் மட்டும் வாசித்திருந்தேன். கதை என்னவாகிறது என்று தெரிந்ததும் அடுத்த கதைக்குப் போய்விடுவேன். அவற்றின் உண்மையான சுவை, சர்க்கரை நோயால் அப்பாவின் பார்வை மங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவில் வாங்கி வந்த முழுத் தொகுப்பை, மதுரை திருநகரில் உள்ள எங்கள் வீட்டில், மாலைக் காப்பிக்குப் பிறகு நாளுக்கொரு கதையாக அவருக்கு வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினேன். கண்ணுக்கு அவசரம் உண்டு. வாய்க்கு அது முடியாது. ஒவ்வொரு சொல்லாகத்தான் அது போக வேண்டும். அப்படிப் போகும்போதுதான் இந்த மனிதர் எந்தச் சொல்லை எங்கே நிறுத்தி வைத்திருக்கிறார் என்பது புரிகிறது.

1943ஆம் ஆண்டு ‘கலைமகள்’ இதழில் வெளிவந்த ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலகரம் மே.க.ரா. கந்தசாமிப் பிள்ளை என்று ஊரும் தலைப்பெழுத்துகளுமாக அந்தப் பெயரை உரக்கச் சொல்லும்போதே, நாதசுவரம் முழங்க ஒரு பெரிய மனிதர் வருவதுபோல் இருக்கும். அவரோ சென்னையில் ஒரு தெரு முனையில் நின்றுகொண்டு, டிராமுக்குக் கொடுப்பதா வெற்றிலை பாக்குக்குக் கொடுப்பதா என்று காலணாக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார். திருவல்லிக்கேணிக்கு வழி கேட்டு வந்து நிற்கும் கடவுளிடம், டிராமிலும் போகலாம், பஸ்ஸிலும் போகலாம் என்று அடுக்கிவிட்டு, ‘மதுரைக்கு வழி வாயிலே’ என்ற பழமொழியையும் சேர்த்துச் சொல்கிறார். கடவுளோ, தாம் மதுரைக்குப் போகவில்லை என்று மிகுந்த பொறுப்போடு விளக்கம் தருகிறார். இந்த இடத்தில் அப்பா சிரித்த சிரிப்பை, அவருக்குக் கண் போன பிறகு நான் அதுவரை கேட்டிருக்கவில்லை. எங்கள் ஊரின் பெயர் ஒரு சென்னைக் கதைக்குள் தற்செயலாக வந்து விழுவதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஓட்டல் காப்பியைக் குடித்துவிட்டு அதைத் தம்முடைய லீலை என்று கடவுள் மெச்சிக்கொள்ள, அது சிக்கரி கலந்த ஓட்டல்காரனின் லீலை என்று பிள்ளை திருத்துகிறாரே, அந்த இடத்தை அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டு நாட்கள் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் அம்மா பாளையங்கோட்டையில் பிறந்தவர். மதுரைக்காரனான நான் பிள்ளையின் ‘ஓய்’ என்ற விளியைச் சண்டைக்குக் கூப்பிடுவதுபோல் வாசித்ததும், அடுப்படியிலிருந்தே, “அப்படி அதட்டாதே, அது சேக்காளியைக் கூப்பிடுகிற குரல், எங்க பெரியப்பா அப்படித்தான் கூப்பிடுவார்” என்றார். குரலை இறக்கி மறுபடியும் வாசித்தேன். கடவுளுக்கும் பிள்ளைக்கும் இடையே இருந்த உறவே மாறிவிட்டது. நெல்லைப் பேச்சு அவருடைய கதைகளில் எவ்வளவு ஆழமாக ஓடுகிறது என்பதை எத்தனையோ கட்டுரைகளில் படித்திருக்கிறேன். அதைக் காதால் அறிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

எல்லாக் கதைகளும் இப்படி இனிப்பவை அல்ல. ‘பொன்னகரம்’ இரண்டு மூன்று பக்கங்களில் முடிந்துவிடும். முடிந்தபின் பேச்சு வராது. ‘சாப விமோசன’த்தில் சீதை தீக்குளித்த செய்தியைக் கேட்டு அகலிகை மீண்டும் கல்லாகும் இடத்தில், அம்மா எங்களோடு வந்து உட்கார்ந்துவிட்டார். சில தொடக்ககாலக் கதைகள் அவசரமாக எழுதப்பட்டவை என்றே எனக்குத் தோன்றுகிறது. அவற்றை வாசிக்கும்போது வாய் தானாகவே வேகம் பிடித்துவிடுகிறது.

ஆனால் ‘செல்லம்மாள்’ கதையை வேகமாக வாசிக்கவே முடியாது. மனைவியின் உயிர் பிரிவதில்தான் கதை தொடங்குகிறது. பிரமநாயகம் பிள்ளை ஒரு துணிக்கடைச் சிப்பந்தி. நோயாளி மனைவிக்குச் சமைத்துப் போட்டு, பணிவிடை செய்து, வேலைக்கும் போய் வந்த மனிதர். அவர் அழுது புரளவில்லை. வெந்நீர் வைத்து உடலைக் குளிப்பாட்டுகிறார். அந்த முகத்தில் வந்து உட்காரப் பார்க்கும் ஈயை விசிறியால் மெல்ல ஓட்டுகிறார். ‘அன்பு’ என்று எழுதிக் காட்ட வேண்டிய அவசியமே அந்த இடத்தில் ஆசிரியருக்கு இல்லை; விசிறி அசைகிறது, அவ்வளவுதான். 42 வயதில் காசநோயால் மறைந்தவர் இதை எழுதியிருக்கிறார் என்பது வாசித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

புதிதாகத் தொடங்குபவர்கள் கந்தசாமிப் பிள்ளையிலிருந்து தொடங்குங்கள். ‘செல்லம்மா’ளைச் சற்றுத் தள்ளி வையுங்கள், அதைக் கையில் எடுக்கும் நாளில், வீட்டில் இன்னொருவர் கேட்க வாய்விட்டு வாசியுங்கள். நான் வாசித்து முடித்தபோது அப்பா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அந்த விசிறி வர்ற இடம் மட்டும் இன்னொரு தடவை வாசிப்பா” என்றார். அம்மா எழுந்து மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.