பொருளியல் கேள்விகள்: வட்டியா, வெள்ளியா?

தொடக்கக் கல்லூரி மாணவி: அக்கா, பணவீக்கம் ஏறினால் மத்திய வங்கி வட்டியை உயர்த்தும் என்று பாடநூலில் இருக்கிறது. நம் மத்திய வங்கியான சிங்கப்பூர் நாணய ஆணையம் ஏன் அப்படிச் செய்வதில்லை?

பாடநூலில் இருப்பது அமெரிக்கா மாதிரி பெரிய நாட்டின் கதை. நமக்கு அரிசியிலிருந்து அடுப்பு எரிவாயு வரை ஏறக்குறைய எல்லாமே வெளியிலிருந்துதான் வருகிறது. அந்த விலையை நாம் முடிவு செய்ய முடியாது. அதை நம் வெள்ளியாக, அதாவது சிங்கப்பூர் டாலராக, மாற்றும் இடத்தில்தான் கொஞ்சம் பிடி இருக்கிறது. அதனால் 1981 முதல் ஆணையம் நாணய மாற்று விகிதத்தையே கருவியாக வைத்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஒரு கடைக்காரர் மூட்டை 20 அமெரிக்க டாலருக்கு வெங்காயம் இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டாலர் 1.40 வெள்ளி என்றால் மூட்டை 28 வெள்ளி. நம் வெள்ளி வலுத்து 1.30 ஆனால் 26 வெள்ளி. விற்பவர் ஒரு காசுகூடக் குறைக்கவில்லை, இங்கே இறங்கிவிட்டது.

உண்மையில் அமெரிக்க டாலரை மட்டும் பார்ப்பதில்லை. நம்மோடு வணிகம் செய்யும் நாடுகளின் நாணயங்களை ஒரு கூடையாகச் சேர்த்து, அதற்கு எதிராக வெள்ளியை ஒரு வரம்புக்குள் ஏறி இறங்க விடுகிறார்கள். கூடையில் எதற்கு எவ்வளவு எடை என்பது ரகசியம். 2021 அக்டோபருக்கும் 2022 அக்டோபருக்கும் இடையில் ஐந்து முறை கொள்கையை இறுக்கினார்கள், அதாவது வெள்ளி இன்னும் வலுக்க வழிவிட்டார்கள்.

சரி, வட்டியையும் சேர்த்துப் பிடித்தால் என்ன? முடியாது. பணம் தடையில்லாமல் வந்துபோகும் ஊரில் நாணய மாற்று, வட்டி இரண்டில் ஒன்றைத்தான் கையில் வைத்துக்கொள்ளலாம். விடைத்தாளில் பலர் இந்தக் காரணத்தை விட்டுவிடுகிறார்கள்.

உயர்நிலை 4 மாணவன்: பணவீக்கம் குறைந்துவிட்டது என்கிறார்கள். பரோட்டா விலை குறையவில்லையே?

குறைந்தது ஏறும் வேகம்தான் தம்பி. போன வருடம் 5 விழுக்காடு, இந்த வருடம் 2 என்றால், இந்த வருடமும் ஏறியிருக்கிறது. பொதுவாக எல்லா விலையும் இறங்கினால் அது பணவாட்டம்.

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்: 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான வாகன உரிமைச் சான்றிதழ் (கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் அனுமதி) 150,001 வெள்ளி. அந்த ஒரு வெள்ளி எதற்கு?

ரசித்த கேள்வி! ஏலத்தில் தோற்றவர்களில் அதிகம் கேட்டவரின் தொகையோடு ஒரு வெள்ளி சேர்த்தால் அதுதான் விலை. ஒருவர் 160,000 என்று கேட்டிருந்தாலும் வென்ற எல்லாரும் கட்டுவது 150,001தான். விலைக்கு ஏற்ப எவ்வளவு விற்பனைக்கு வரும் என்று காட்டும் அளிப்பு வளைகோடு செங்குத்தாக நிற்பதற்கு இதையே உதாரணமாக எழுதலாம். விலை எவ்வளவு எகிறினாலும் அந்த ஏலத்தில் ஒரு சான்றிதழ்கூட அதிகமாகக் கிடைக்காது. தேவை கூடினால் அத்தனையும் விலையில்தான் போய் விழும்.

ஒரு தாயார்: கூட்டு வட்டியை மகனுக்கு எப்படிப் புரியவைப்பது?

72ஐ வட்டி விழுக்காட்டால் வகுக்கச் சொல்லுங்கள்; பணம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு என்று தோராயமாக வரும். ஓய்வுக்கால சேமிப்பான மத்திய சேமநிதியில் சாதாரணக் கணக்கின் 2.5 விழுக்காட்டுக்கு ஏறக்குறைய 29 ஆண்டு, சிறப்புக் கணக்கின் 4க்கு 18. கடன் அட்டை பாக்கிக்கு 26 விழுக்காடு என்றால் மூன்று ஆண்டுக்குள் கடன் இரட்டிப்பு. பையன் வேலைக்குப் போகுமுன் இந்தக் கடைசிக் கணக்கைக் கட்டாயம் போடட்டும்.

அதே தாயார்: வங்கி திவாலானால் அவன் சேமிப்பு?

வைப்புத்தொகைக் காப்புறுதித் திட்டத்தில் உள்ள வங்கி என்றால், ஒரு வங்கியில் ஒருவருக்கு 100,000 வெள்ளி வரை பாதுகாப்பு உண்டு. 2024 ஏப்ரலுக்கு முன் 75,000.