எலும்புப்புரை: மாத்திரை இல்லாமல் சரியாகுமா? – கேள்வி பதில்

வணக்கம். இருபத்திரண்டு வருடமாக உணவு ஆலோசகராக இருக்கிறேன். 54 வயதில் குளியலறை வாசலில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தால் இடுப்பில் ஸ்கோர் மைனஸ் 2.7. ஊருக்கெல்லாம் கால்சியம் பட்டியல் எழுதிக் கொடுத்தவளின் லட்சணம் இது. ஆகவே ஆலோசகர், நோயாளி இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்துதான் பதில் சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்தைத் தொடங்குவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டியது.

கேள்வி: வயது 56. முதுகெலும்பில் மைனஸ் 2.6, இடுப்பில் மைனஸ் 2.1. மாத்திரை என்றாலே பயமாக இருக்கிறது அக்கா. சாப்பாட்டாலேயே ஏற்றிவிட முடியுமா? எத்தனை மாதம் ஆகும்?

முதலில் இந்த எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள். டி-ஸ்கோர் என்பார்கள், ஆரோக்கியமான இளம் வயதினரின் சராசரி அடர்த்தியிலிருந்து நம் எலும்பு எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டுவது. மைனஸ் 1 வரை சாதாரணம். மைனஸ் 1-க்கும் 2.5-க்கும் நடுவில் இருந்தால் அடர்த்திக் குறைவு. 2.5-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ எலும்புப்புரை, அதாவது ஆஸ்டியோபோரோசிஸ். உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த கோடு இது. 2.4-இல் இருப்பவர் தப்பித்தவரும் இல்லை, 2.6-இல் இருப்பவர் மாட்டிக்கொண்டவரும் இல்லை.

எலும்பு ஒரு தடவை கட்டி முடித்த சுவர் இல்லை. ஒரு பக்கம் அரித்து எடுக்கும் செல்கள், இன்னொரு பக்கம் கட்டும் செல்கள். வருடத்துக்குச் சுமார் பத்து சதவீதம் எலும்பு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜென் இறங்கியதும் அரிப்பவர்களின் கை ஓங்குகிறது. அடுத்த ஐந்தாறு வருடத்தில் சிலருக்கு இருபது சதவீதம் வரைகூடப் போய்விடும். நீங்கள் இப்போது அந்தக் காலத்தில்தான் இருக்கிறீர்கள்.

இந்த நேரத்தில் சாப்பாடு செய்வது செங்கல்லும் மணலும் கொண்டுவந்து இறக்கும் வேலை. அது இல்லாமல் எதுவும் நடக்காது. ஆனால் மணலைக் கொட்டியதும் வீடு எழும்பிவிடாது. உணவாலும் பயிற்சியாலும் இரண்டு வருடம் கழித்தும் உங்கள் எண் அதே 2.6-இல் நின்றால், அதையே வெற்றியாகத்தான் நான் கணக்கில் எழுதுவேன். 'மூன்றே மாதத்தில் எலும்பு இரும்பாகும்' என்று யாராவது சொன்னால், அவரிடம் விற்க ஏதோ இருக்கிறது.

மாத்திரையைத் தட்டிக்கழிக்கவே கூடாதவர்களும் உண்டு. லேசாக விழுந்ததிலேயே இடுப்போ முதுகெலும்போ முறிந்தவர்கள், எண் மைனஸ் 3-க்கும் கீழே போனவர்கள், ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிடுபவர்கள். ஏற்கெனவே முதுகெலும்பு முறிவு உள்ள பெண்களில் அடுத்த முறிவை அலெண்ட்ரோனேட் என்ற எலும்புப்புரை மாத்திரை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்ததை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். அப்படிச் செய்து காட்டிய உணவு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை, அதுவும் உணவுத் துறையிலேயே இருந்துகொண்டு சொல்கிறேன்.

கேள்வி: டாக்டர் கால்சியம் 500 எழுதினார். கடைக்காரர் கொடுத்த டப்பாவில் 1250 என்று இருக்கிறது. மாற்றிக் கொடுத்துவிட்டாரா?

இல்லை. டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். 'கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.' என்று இருக்கும். அதில் நாற்பது சதவீதம்தான் கால்சியம், மீதி கார்பனேட். ஆக உள்ளே இருப்பது 500தான். கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடு போடுங்கள். அசிடிட்டிக்குத் தினமும் மாத்திரை எடுப்பவர்களுக்கு சிட்ரேட் வகை பொருத்தம், அதை எப்போதும் போடலாம். எதுவானாலும் ஒரு தடவைக்கு 500-க்கு மேல் வேண்டாம், குடல் அவ்வளவையும் உறிஞ்சாது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் நடுவில் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: பாலும் தயிரும் நிறையவே சாப்பிடுகிறேன். இருந்தும் 1000 மி.கி. மாத்திரை போடலாமா? சிறுநீரகக் கல் வருமென்று பயமுறுத்துகிறார்கள்.

ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். தேவை ஒரு நாளைக்கு 1000, ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு 1200 மி.கி. இது சாப்பாட்டையும் சேர்த்த மொத்தம். மாத்திரையில் மட்டும் அவ்வளவு என்று நிறையப் பேர் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். நூறு மில்லி பாலில் சுமார் 120, தயிரிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. முள்ளோடு சாப்பிடும் சின்ன மீன் ஒரு வேளைக்கு 300 வரை தரும், முள்ளை எடுத்துவிட்டால் கால்சியமும் அதோடு போய்விடும். காலையில் ஒரு டம்ளர் பால், மதியம் ஒரு கிண்ணம் தயிர், இரவு இன்னொரு டம்ளர் பால் என்றால் அதிலேயே 700 தேறும். மற்ற உணவில் ஒரு 200, 300 வரும். உங்களுக்குப் பற்றாக்குறை 200 என்றால் 1000 எதற்கு?

கல் விஷயம் கொஞ்சம் விசித்திரமானது. உணவில் வரும் கால்சியம், கல் உருவாக்கும் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு வெளியேறிவிடுகிறது. அதனால் கல் வருகிற வாய்ப்பு குறையத்தான் செய்கிறது. கூடுவதாகத் தெரிந்தது மாத்திரைக் கால்சியத்தில்தான்.

கேள்வி: பாலே ஒத்துக்கொள்ளாது. பசலைக்கீரையும் எள்ளும் தினமும் சாப்பிடுகிறேன், போதுமா?

பசலை நல்ல கீரைதான், கால்சியத்துக்காக அதை நம்பாதீர்கள். ஆக்சலேட் பிடித்துக்கொள்வதால் அதிலுள்ள கால்சியத்தில் ஐந்து சதவீதம்தான் உடம்பில் சேரும். பாலில் முப்பது சதவீதம் சேரும். முட்டைக்கோஸ், ப்ரோக்கோலி குடும்பத்தில் உள்ளவை பாலைவிடவும் நன்றாகவே சேரும். என்ன, அவற்றைக் கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட வேண்டும். தோலுள்ள எள் காகிதத்தில் பிரமாதம், நூறு கிராமில் 900-க்கு மேல். ஆனால் யார் நூறு கிராம் எள் சாப்பிடுகிறார்கள்? ஒரு மேசைக்கரண்டியில் 80, 90தான், அதிலும் தோலில் ஆக்சலேட் உண்டு. கால்சியம் சேர்த்துத் தயாரித்த டோஃபு, சோயாப் பால் உங்களுக்கு உதவும். குடிக்கும் முன் பாக்கெட்டை நன்றாகக் குலுக்குங்கள், கால்சியம் அடியில் தங்கிவிடும். பால் குடித்தால் வயிறு உப்புகிற பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்வதும் உண்டு, சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: காபி, கோலா, உப்பு, ப்ரூன்ஸ், எலும்பு சூப். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி சொல்லுங்கள் மேடம்.

காபி ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று கப் பரவாயில்லை. அதனால் போகிற கால்சியத்தை ஊற்றுகிற பாலே ஈடுகட்டிவிடும். கோலா வேண்டாம், பெரும்பாலும் அது பாலின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உப்பு கூடக் கூட சிறுநீரில் கால்சியமும் சேர்ந்து போகும், குறையுங்கள். எலும்பு சூப்பில் நினைப்பதுபோல் கால்சியம் கிடையாது, ருசிக்குக் குடியுங்கள். ப்ரூன்ஸ், அதாவது உலர்ந்த பிளம்ஸ் பழம், எனக்கே ஆச்சரியம் தந்தது. மாதவிடாய் நின்ற பெண்கள் தினம் 50 கிராம், ஐந்தாறு பழம், ஒரு வருடம் சாப்பிட்டதில் இடுப்பெலும்பின் அடர்த்தி இறங்காமல் நின்றது. 2022-இல் வந்த ஆய்வு. ஏறியது என்று சொல்லவில்லை, இறங்காமல் நின்றது. வயிற்றுப் பழக்கம் தெரிந்து இரண்டு பழத்தில் தொடங்குங்கள்!

நீங்கள் கேட்காத ஒன்று, புரதம். எலும்பின் பருமனில் கிட்டத்தட்டப் பாதி புரதம்தான். வயதானவர்கள் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது சாப்பிட வேண்டும். என்னிடம் வரும் அறுபது வயதுக்காரர்கள் பலருக்குக் கால்சியத்தைவிட இதில்தான் பள்ளம் விழுந்திருக்கிறது.

கேள்வி: வாரம் ஒரு 60,000 யூனிட் வைட்டமின் டி. ஒரு வருடமாக விடாமல் எடுக்கிறேன். இன்னும் அதிகம் எடுத்தால் வேகமாகச் சரியாகுமா?

அது குறையை நிரப்பச் சில வாரங்களுக்குக் கொடுப்பது. ஒரு வருடமாகத் தொடரச் சொன்னது யார்? ரத்தத்தில் அளவைப் பார்த்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மில்லிக்கு 20 நானோகிராமுக்கு மேல் இருந்தால் எலும்புக்குப் போதும் என்பது பரவலான கருத்து. வயது எழுபதைத் தாண்டிய பெண்களுக்கு வருடத்துக்கு ஒரே தடவையாக ஐந்து லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். விழுவதும் முறிவதும் கூடிவிட்டது, 2010-இல் வெளியானது. குறைபாடு உள்ளவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் பொதுவாக எல்லோருக்கும் தினம் 2000 யூனிட் கொடுத்த பெரிய ஆய்வில் முறிவு குறையவில்லை, இது 2022-இல். பள்ளத்தை நிரப்பலாம், மேலே மேடு கட்டிப் பயனில்லை. வெயில் என்றால் கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து காய்வது கணக்கில் வராது, தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

கேள்வி: தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன். ஐந்து வருடமாக ஒரு நாள்கூட விட்டதில்லை. எலும்பு மட்டும் குறைந்துகொண்டே போகிறது. என்ன தப்பு?

தப்பே இல்லை, இதயத்துக்கு அருமை. ஆனால் உங்கள் எலும்புக்கு அந்த ஐந்து கிலோமீட்டர் பழகிப் போய்விட்டது. சுமைக்குத் தக்கபடி எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இலேயே எழுதிவைத்தார். விண்வெளியில் எடையே இல்லாமல் மிதக்கிறவர்களுக்கு இடுப்பில் மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை சதவீதம் எலும்பு போகிறது, அங்கே சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. புதுச் சுமை, கொஞ்சம் அதிகமான சுமை, அதைத்தான் எலும்பு கவனிக்கும்.

ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த, 58 வயதைத் தாண்டிய பெண்களைப் பளு தூக்க வைத்தார்கள். வாரம் இரண்டு தடவை, அரை மணி நேரம், பக்கத்தில் பயிற்சியாளர். எட்டு மாதத்தில் கீழ்முதுகு அடர்த்தி சராசரியாக 2.9 சதவீதம் ஏறியது. வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் இறங்கியது. 2018-இல் வெளிவந்த இந்த ஆய்வைப் படித்துவிட்டுத்தான் நானே பளுவைத் தொட்டேன். நாளைக்கே நீங்களும் போய்த் தூக்காதீர்கள். அவர்களுக்கு முதல் ஒரு மாதம் வெறும் முறையைத்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

வீட்டில் தொடங்க இது போதும். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருங்கள். பத்து தடவை. சுலபமாகிவிட்டதா, இரண்டு கையிலும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீர் பாட்டில். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி, 'தொப்'பென்று இறக்குங்கள். முதுகெலும்பு முறிந்தவர்கள் இதைக்கூட பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

செய்யவே கூடாதது: முதுகை வளைத்துக் கால் பெருவிரலைத் தொடுவது, படுத்து எழும் வயிற்றுப் பயிற்சி. 1984-இல் ஒரு சிறிய ஆய்வு. எலும்புப்புரை உள்ள பெண்களில் முன்னால் குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குப் புதிதாக முதுகெலும்பு நசுங்கியிருந்தது. முதுகைப் பின்னால் நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம். கீழே விழுந்த சாவியை எடுக்கும்போதும் இதே கதைதான். முழங்காலை மடக்கி, இடுப்பிலிருந்து இறங்கி எடுங்கள்.

கேள்வி: இணையத்தில் ஸ்ட்ரான்ஷியம் வாங்கிச் சாப்பிட்ட தோழிக்கு ஒரே வருடத்தில் ஸ்கோர் எகிறிவிட்டது. நானும் தொடங்கட்டுமா?

வேண்டாம். ஸ்ட்ரான்ஷியம் கால்சியத்தைவிடக் கனமான அணு. அது எலும்பில் போய் உட்கார்ந்ததும் எக்ஸ்ரேயை அதிகம் தடுக்கும், அதை அடர்த்தி என்று மெஷின் நம்பிவிடும். ஏறியதில் பெரும்பங்கு அந்த ஏமாற்றுதான். மருந்தாக விற்ற ஸ்ட்ரான்ஷியம் ரானலேட்டுக்கே இதயப் பிரச்சினை காரணமாக 2014-இல் ஐரோப்பாவில் கடும் கட்டுப்பாடு வந்தது.

கேள்வி: அம்மாவுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு டெனோசுமாப் ஊசி. அடுத்ததை நிறுத்திவிட்டு இயற்கை முறைக்கு மாறலாம் என்றிருக்கிறோம்.

தயவுசெய்து வேண்டாம். இந்த ஊசியைச் சும்மா நிறுத்தினால் அடக்கிவைத்த அரிப்பு பாய்ந்து வரும். சிலருக்கு அடுத்தடுத்து பல முதுகெலும்புகள் நசுங்கியிருக்கின்றன. நிறுத்துவதானால் வேறு மருந்துக்கு மாற்றித்தான் நிறுத்துவார்கள். தேதி தள்ளிப்போகாமல் இன்றே மருத்துவரிடம் பேசுங்கள். சாப்பாடும் பயிற்சியும் ஊசியோடு சேர்ந்தே போகட்டும்.

கேள்வி: எனக்கு முட்டியில் எலும்புத் தேய்மானம். இதே உணவு முறையா?

'தேய்மானம்' என்ற ஒரே சொல்லால் இரண்டு நோயைச் சொல்கிறோம், அதில் வரும் குழப்பம் இது. முட்டியில் தேய்வது மூட்டுக் குருத்தெலும்பு, அது வலிக்கும். எலும்புப்புரை முறியும்வரை வலிக்கவே வலிக்காது. உங்களுக்கு எடையும் தொடைத் தசையும்தான் முக்கியம்.

கேள்வி: ஒரு இடத்தில் மைனஸ் 2.4, அடுத்த வருடம் வேறு இடத்தில் 2.6. இவ்வளவு உழைத்தும் இறங்கிவிட்டதே!

அழாதீர்கள். வேறு மெஷின் என்றால் ஒப்பிடவே முடியாது. ஒரே மெஷினிலும் மூன்று, நான்கு சதவீத வித்தியாசம் அளவீட்டுப் பிழையாக இருக்கலாம். அதே இடத்தில், அதே மெஷினில், இரண்டு வருடம் கழித்து எடுங்கள்.

கேள்வி: கணவருக்கு 68. அடையாள அட்டையில் இருப்பதைவிட ஐந்து சென்டிமீட்டர் குள்ளமாகிவிட்டார். வயதானால் சகஜம்தானே? ஆண்களுக்கு இது வராதே?

வரும். ஐம்பதைத் தாண்டிய ஆண்களில் ஐந்தில் ஒருவருக்கு வாழ்நாளில் இதனால் முறிவு வரும் என்பது உலக அளவிலான கணிப்பு. நான்கு சென்டிமீட்டருக்கு மேல் உயரம் குறைந்தால் முதுகெலும்பு சத்தமில்லாமல் நசுங்கியிருக்கலாம். முதுகை எக்ஸ்ரே எடுங்கள். உணவுப் பட்டியலை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

கேள்வி: கடைசியாக ஒன்று அக்கா. உங்கள் ஸ்கோர் இப்போது என்ன?

இடுப்பில் மைனஸ் 2.3. ஐந்து வருடம் வாரம் ஒரு மாத்திரை எடுத்தேன், இப்போது மருத்துவர் நிறுத்தி வைத்திருக்கிறார். இதில் மாத்திரைக்கு எவ்வளவு பங்கு, பளுவுக்கு எவ்வளவு, தயிருக்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் மணிக்கட்டு முறிந்த அன்று காலுக்கடியில் நழுவிய அந்த மிதியடியைக் கட்டுப் பிரிக்கும் முன்பே தூக்கி எறிந்துவிட்டேன்.