தினமும் ஓடியும் வேகம் கூடவில்லையே, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 34. எட்டு மாதங்களாகத் தினமும் 5 கிலோமீட்டர் முழுமூச்சாக ஓடுகிறேன். தொடக்கத்தில் 36 நிமிடங்கள் ஆயின. 30 நிமிடங்களுக்கு வந்த பிறகு, மூன்று மாதங்களாக அது குறையவே இல்லை. சில வாரங்களாக முழங்காலுக்குக் கீழே எலும்பை ஒட்டி வலிக்கிறது. வேகத்தைக் கூட்ட என்ன பயிற்சி செய்யலாம்?

பதில்: நீங்கள் ஒரே வரியில் சொல்லி நகர்ந்துவிட்ட வலியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். அமர்ந்துகொண்டு, எலும்பின் உட்புற விளிம்பைக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கிக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நான்கைந்து விரல் அகலத்துக்குப் பரவலாக வலித்தால், அது பெரும்பாலும் எலும்பும் அதை ஒட்டிய திசுக்களும் ஓய்வின்றி உழைத்ததால் வருவது. ஓட்டத்தைக் குறைத்தால் சில வாரங்களில் தணியும். மாறாக, நாணயமளவு இடத்தில் மட்டும் சுரீரென்று வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, எலும்பில் நுண்விரிசல் இருக்கக்கூடும் என்பதால், ஓட்டத்தை உடனே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தொடக்க வாரங்களில் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம்.

வலி வந்ததற்கும் வேகம் கூடாததற்கும் காரணம் ஒன்றே என்று கருதுகிறேன். தினமும் முழுமூச்சாக ஓடுபவரின் கால்கள் எந்த நாளிலும் முழுமையாகத் தேறுவதில்லை. அதனால் உண்மையான வேகத்தில் ஓட வேண்டிய நாளிலும் அவரால் அந்த வேகத்தை எட்ட முடிவதில்லை. 1954இல் ஒரு மைலை முதன்முதலாக 4 நிமிடங்களுக்குள் ஓடிய ரோஜர் பானிஸ்டர் அப்போது மருத்துவ மாணவர். கால் மைல் தூரத்தைப் பத்து முறை, இடையிடையே சிறிது இளைப்பாறி ஓடுவது அவருடைய முக்கியப் பயிற்சி. ஒவ்வொரு சுற்றுக்கும் 61 வினாடிகள் என்ற அளவில் தேக்கம் வந்தபோது, சில நாட்கள் ஓடுவதை விட்டு மலையேறச் சென்றார். திரும்பி வந்ததும் 59 வினாடிகளில் ஓடினார். உங்கள் நிலையை எண்ணும்போது எனக்கு நினைவுக்கு வருவது இதுதான்.

ஆகவே வாரத்துக்கு நான்கு நாட்கள் ஓடினால் போதும். அவற்றில் மூன்று நாட்கள், உடன் வருபவரிடம் முழு வாக்கியங்களில் பேசிக்கொண்டே ஓடக்கூடிய அளவுக்கு மெதுவாக ஓடுங்கள். இது வீணான ஓட்டம் என்று தோன்றும். ஆனால் தசைகளில் நுண்ணிய இரத்தக்குழாய்கள் பெருகுவதும், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் அதிக இரத்தத்தை வெளியேற்றப் பழகுவதும் இத்தகைய ஓட்டத்தில்தான் பெருமளவு நடக்கின்றன. மீதமுள்ள ஒரு நாளில், பத்து நிமிடங்கள் உடலைச் சூடேற்றிய பின், 400 மீட்டரை வேகமாக ஓடி, இரண்டு நிமிடங்கள் நடந்து, மீண்டும் ஓடுங்கள். நான்கு சுற்றுகளில் தொடங்கி, சில வாரங்களில் ஆறு அல்லது எட்டாக உயர்த்தலாம். கடைசிச் சுற்றும் முதல் சுற்றின் நேரத்திலேயே முடிய வேண்டும். அது தளர்ந்தால் தொடக்க வேகம் மிகுதி என்று பொருள். ஓடாத நாட்களில் இரண்டு நாட்கள், குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியையும் உட்கார்ந்து எழும் பயிற்சியையும் செய்யுங்கள்.

ஓடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்திருந்தால், அல்லது குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருந்தால், வேகப் பயிற்சிக்கு முன் இதயப் பரிசோதனை கட்டாயம். அப்படி எதுவும் இல்லையென்றாலும், அரை மணி நேரம் விறுவிறுவென்று நடந்தும் எலும்பில் வலி எழாத நிலை வந்த பிறகே மெதுவான ஓட்டத்தைத் தொடங்குங்கள். அதிலும் இரண்டு வாரங்கள் வலியின்றிக் கழிந்தால், முதல் 400 மீட்டரை ஓடலாம்.